அமரியின் இடப்பக்கத் திருப்பம்

அக்டோபர் 20, திங்கள்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் கடைசி வருடம் கூடைக்கடியில் நிற்கப்போவது நான்தான் என்று நம்பி மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தேன். இப்போது அமரி வந்திருக்கிறான். பதினெட்டு வயது, ஏழடி, இன்னும் வளர்கிறானாம். இருபத்திரண்டு வயதுக்காரனான என்னைப் 'பெருசு' என்று கூப்பிடுகிறான்.

உயரம் அவனுக்கு. எம்பல் அவனுக்கு. என் கையில் பந்து ஒட்டிக்கொள்ளும் — அதை யார் பார்க்கிறார்கள்?

அக்டோபர் 27, திங்கள்

கோச் பார்லோவின் திங்கட்கிழமைச் சீட்டு. நெட்டையர்கள் நாங்கள் இருவரும், மற்றவனிடம் கண்ட ஒரு குறையை எழுதி அவனிடமே கொடுக்க வேண்டும். அமரி எழுதியது: "பந்தப் பிடிச்சதும் இடுப்புக்கு இறக்குறே பெருசு. குட்டையனுங்க தட்டிட்டுப் போயிடுவானுங்க."

நேற்று வந்தவன். எனக்குச் சொல்கிறான்.

இடப்பக்கம் திரும்புமுன் அவன் பந்தை ஒருமுறை தரையில் தட்டுகிறான். வலப்பக்கம் என்றால் தட்டுவதில்லை. பார்த்துவிட்டேன். "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். கோச் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்.

நவம்பர் 15, சனி

அப்பா எங்கள் ஊர் கொகோமோவிலிருந்து என் ஆட்டம் பார்க்க வந்தார். நான் ஆடியது நான்கு நிமிடம். "அந்த நெட்டையன் எந்த ஊர்டா? என்.பி.ஏ.வுக்கே போயிடுவான் போலிருக்கே" என்றார், வாய் நிறைய பர்கரோடு. என் பர்கரையும் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் "குறை ஒன்றும் இல்லை".

டிசம்பர் 6, சனி

எதிரணி கண்டுபிடித்துவிட்டது. அமரி தரையில் தட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒருவன் பந்தைப் பறித்தான். ஐந்து முறை. என்.பி.ஏ. தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் மூன்று பேர் குறித்துக்கொண்டிருந்தார்கள். கோச் அவனை உட்காரவைத்து என்னை இறக்கினார். நான் பந்தைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தேன் — ஆமாம், அவன் சொன்னபடிதான். ஒருவனாலும் தொட முடியவில்லை. ஜெயித்தோம்.

சந்தோஷமா? இருந்தது. பொய் எதற்கு.

டிசம்பர் 8, திங்கள்

முதல் ஐவரில் என் பெயர். உடைமாற்றும் அறையில் அமரி தனியாக உட்கார்ந்திருந்தான். அந்தத் தட்டலைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"எப்ப பாத்தே?"

"அக்டோபர்ல."

அடிப்பான் என்று நினைத்தேன். ஷூ லேஸை இழுத்துக் கட்டினான். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

"இன்னும் என்னல்லாம் பாத்து வெச்சிருக்கே? எல்லாத்தையும் சொல்லு."

சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தை திட்டவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வா பெருசு, வந்து தடு."

உயரம்கூடப் பரவாயில்லை. இந்தக் குணத்தை நான் எப்படித் தாண்டுவது?