டிக் போட்ட வீடு

மே 14

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஏழு ஓட்டு. நம் தொகுதி ஏழே ஓட்டில் போனது. ஒரே ஒரு இடம் குறைந்து நாட்டில் நம் ஆட்சியும் போனது. நேற்று வாக்காளர் பட்டியலை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். ஓட்டுப் போட வந்தவர் பெயரில் நான் கோடு இழுப்பது உனக்குத் தெரியும். 412-இல் கோடு இல்லை. அது நீ. 413-இலும் இல்லை. அது உன் மனைவி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

எதிர்க்கட்சிக்குப் போன தடவையைவிட ஒரு ஓட்டுகூட அதிகம் விழவில்லை. நமக்குத்தான் குறைந்திருக்கிறது. கட்சிக்காக வேலையையே இழந்தவர் அப்பா. அவர் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் நடக்கக் கால் வரவில்லையா? மாவட்டச் செயலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க சாவடியில நம்ம ஆளுங்கல்லாம் எங்கம்மா போனாங்க?" கூடப்பிறந்தவனே வரவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

பதில் எழுது. சாக்குப்போக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடி முகவர்

மே 19

மதிப்பிற்குரிய சாவடி முகவர் அவர்களுக்கு,

அக்கா என்று கையெழுத்துப் போட மனசு வராதவருக்கு இப்படித்தானே எழுத வேண்டும்?

413-க்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு ஓட்டுப்பதிவு நாளோடு மூன்று வாரம். மாடிப்படியில் விழுந்தாள். உனக்குச் சொன்னேன். "தேர்தல் முடியட்டும், வந்து பாக்கறேன்" என்றாய். தேர்தல் முடிந்தது. ஆட்சியும் முடிந்தது. நீ இன்னும் வரவில்லை.

ஓட்டுப்பதிவன்று காலையில் உன்னைக் கூப்பிட்டேன். "அக்கா, இவ ஓட்டுப் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, வண்டி அனுப்பு" என்றேன். நீ சிரித்தாய். "நம்ம வீட்டுக்கு எதுக்குடா வண்டி? நம்ம ஓட்டு எங்க போயிடப்போகுது?"

எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தது.

உன் நோட்டை நானும் பார்த்திருக்கிறேன். நம் கட்சி வீட்டுக்கு டிக், அவர்கள் வீட்டுக்குப் பெருக்கல் குறி, சந்தேக வீட்டுக்குக் கேள்விக்குறி. வண்டி கேள்விக்குறிக்கு மட்டும். எதிர்வீட்டுத் தையல்காரருக்காக அன்றைக்கு மூன்று தடவை வந்தது. முதல் தடவை குளித்துக்கொண்டிருந்தார், அடுத்த தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளை நாற்காலியில் வாசலில் உட்கார வைத்துக்கொண்டு நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் முழுக்க ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவன் நான், அவளை ஏற்ற எனக்கு ஒரு வண்டி இல்லை. சாயங்காலம் தையல்காரர் வந்து சொன்னார்: "உங்க வண்டி நல்ல வண்டிங்க. ஆனா ஓட்ட அவங்களுக்குத்தான் போட்டேன்."

நான் மட்டும் நடந்து போயிருக்கலாம். போகவில்லை. கோபம். இருபது வருஷமாக என்னிடம் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை, அக்கா. நீயும் கேட்டதில்லை.

412

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அதற்குமுன் என் நோட்டைத் திறந்தேன். நான் டிக் போட்ட வீடுகளில் நாற்பத்தொரு பேர் பெயரில் கோடு இல்லை. அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் வீட்டுக் கதவைக்கூட நான் தட்டவில்லை. நேற்றுக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். "நம்ம ஆளுங்களுக்கே இவ்வளவு கொழுப்பா?" என்றார் செயலாளர். கொழுப்பு நமக்குத்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அவளுக்குக் கால் முறிந்தது, சரி. உனக்கு என்ன கேடு? என்மேல் உள்ள கோபத்தை என்னிடம் காட்டாமல் நாட்டிடம் காட்டியிருக்கிறாய். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

அவளை வந்து பார்க்காதது என் தப்பு. அதற்கு எந்தச் சாக்கும் இல்லை. அவளிடம் நேரில் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடம் கூடுதலாக வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்சி ஆறு மாதம் தாங்காது, மறுபடி தேர்தல் வரும் என்கிறார்கள். நோட்டைப் புதிதாக எழுதுகிறேன். உன் வீட்டுக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நம் வீட்டுக்கு இதைப் போட்டதே இல்லை. ஞாயிறு காலை வந்து தட்டுகிறேன். ஓட்டுக் கேட்பேன். நீ போடமாட்டேன் என்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

உன்
அக்கா