ஓரக்கண் திரும்பிய நடுவர்

அனுப்புநர்:
கைப்பந்து நடுவர் (பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்),
விளையாட்டரங்கப் பின்வாசல் தெரு.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: நீக்க ஆணையை ரத்து செய்து, வரும் இறுதி ஆட்டத்திற்கு என்னை நடுவராக அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினாறு ஆண்டுகளாக வலைக்கம்பத்தின் பக்கத்து மேடையில் ஏறி நின்று விசில் ஊதியவன் நான். கடந்த ஓராண்டாக இரண்டு அணிகளும் என்னைச் சரிசமமாகத் திட்டின. ஒரு தரப்பு மட்டும் திட்டினால்தானே பாரபட்சம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

2. அச்சகத் தொழிலாளர் அணியின் பயிற்சியாளர் தங்களுக்குத் தந்த புகாரில், "இவருக்கு வலை மட்டும்தான் தெரியுது, ரெண்டு ஓரமும் தெரியல, கண்ணைக் காட்டச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். அதன்பேரில் நீக்கப்பட்டேன். அவர் முகத்தில் கரி பூசவே கண் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கப் போனேன். கடைசி வரிப் பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தேன். வெற்றியோடு எழுந்தவன், பக்கத்தில் நின்ற செவிலியரின் தட்டைத் தட்டிவிட்டேன். மருத்துவர் மறுபடி உட்கார வைத்தார்.

3. நேரே பார்க்கச் சொல்லி, இரு பக்கமும் விரலை ஆட்டினார். ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் அல்ல, ஹார்மோன் சுரக்காத வகை. அதனால் சத்தமில்லாமல் வளர்ந்து பார்வை நரம்புகளை அழுத்தி, பக்கப்பார்வையை மட்டும் மறைத்திருக்கிறது. அன்று பயந்துதான் போனேன். என் மனைவி, "தினம் தம்ளரைத் தட்டிவிட்டப்ப திமிர்னு நெனச்சேனே" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

4. மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். சில வாரங்கள் மூக்குச் சிந்தவும் விசில் ஊதவும் தடை. வீட்டார் சந்தோஷமாக இருந்தார்கள். இப்போது பக்கப்பார்வை முழுதும் திரும்பிவிட்டது. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுப்பேன்.

5. என் குறை இதுதான். குணமானபின் மருத்துவர் தந்த பார்வை அறிக்கையைத் தங்கள் அலுவலக எழுத்தர் திருப்பித் தந்துவிட்டார். படிவத்தில் எழுத்துப் படிக்கும் கட்டம் மட்டுமே உண்டாம். அதில் நோயின்போதும் நான் தேர்ச்சியாம். ஆகவே குணமானதைக் குறிக்க இடமில்லையாம்.

6. ஐயா, பக்கப்பார்வைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். நீக்க ஆணையை ரத்து செய்யுங்கள். பயிற்சியாளரின் புகாரை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டாம். என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். இறுதி ஆட்டத்தில் அவர் அணியும் ஆடுகிறது. வழக்கம்போல் ஓரத்தில் நின்று அவர் கத்தட்டும். தலையைத் திருப்பாமலே அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இடம்: விளையாட்டரங்கம், பார்வையாளர் இருக்கை
நாள்: இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு

விசிலைக் கழுவி வைத்துக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கைப்பந்து நடுவர்