இரண்டாவது பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

பல் விளக்கும்போதே கோபம் வந்துவிட்டது. காரணம், கட்டில் மேல் ஈரத் துண்டு. கத்தினேன். வீட்டுக்காரர் பொறுமையாக, "எங்க போடணும்னு நீயே சொல்லிடு, போட்டுடறேன்" என்றார். அதில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. துண்டு போடுற இடத்தையுமா நான் யோசிக்கணும்?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; நாள் முழுக்கக் கால் அதன் மேல்தான். வீட்டில் மகள் தண்ணீர் ஜாடியை மேசை ஓரமாக வைத்தால்கூட என் கால் தரையை அமுக்குகிறது. இதை அவள் தோழிகளிடம் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறாளாம்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி கோபம். இந்த முறை ஒரு ஸ்பூனுக்காக. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

என்னிடம் கற்றுக்கொள்ளும் நர்ஸம்மாவுக்கு நாளை டெஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால்தான் அது நிலைக்கும். நன்றாகவே ஓட்டுகிறார். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால் முந்திக்கொள்கிறது. "அக்கா, நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று சிரித்தார்.

ஜூன் 10, செவ்வாய்

ஐயோ. டெஸ்ட்டில் நான் பிரேக் போட்டுவிட்டேன்.

அதிகாரி பின் இருக்கையில். நான் பிரேக்கைத் தொட்டால் அத்தோடு ஃபெயில் — ஊருக்கே சொல்லிக்கொடுக்கும் விதி. ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நர்ஸம்மா வேகத்தைக் குறைச்சிட்டாங்க, நானே பாத்தேன், ஆனா என் கால் கேக்கல.

"பரவாயில்லக்கா" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் "என்னாச்சு?" என்று கேட்ட பாவத்துக்கு இவரிடம் எரிந்து விழுந்தேன். "சரிம்மா, நீ சொல்றபடியே" என்று நகர்ந்துவிட்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யார் மேல இவ்வளவு கோபம் எனக்கு?

ஜூன் 11, புதன்

புதிதாகச் சேர்ந்தவருக்கு வழக்கமான பாடம். "முன்னாடி டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சா லைட்டத் திட்டாதீங்க. வண்டிக்கு என்ன வேணும்னு பாருங்க." கிளிப்பிள்ளை மாதிரி தினம் சொல்வதுதான். இன்று பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் காரை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

எனக்கு என்ன வேண்டும்? துண்டு இல்லை, ஸ்பூனும் இல்லை. யாராவது ஒருவர், "இத நான் பாத்துக்கறேன், நீ விடு" என்று சொல்ல வேண்டும். எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை ரகளை!

ஜூன் 12, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். கத்தாமல்.

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நான் முடிவெடுத்தா நீ பிரேக் போட்டுடற. வீட்டுக்குப் பெயிண்ட் கலர் நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஆள் வந்து டப்பாவைத் திறந்த பிறகு திருப்பி அனுப்பினேன்.

"அதுக்கப்புறம் எல்லாத்தையும் உங்கிட்டயே விட்டுட்டேன். என்னையும் கொஞ்சம் நம்பேன்" என்றார். அவருடைய 'சரிம்மா'வுக்குள் இத்தனை நாள் ஒரு சிவப்பு லைட் எரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனாலும் அது கேவலமான கலர். சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

மறு டெஸ்ட். காரில் ஏறியதும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "என்னம்மா, கல்யாணப் பந்தியா?" என்றார் அதிகாரி. "கால் மேல நம்பிக்கை இல்ல சார்" என்றேன்.

ஒரு வேன் சடாரென்று முன்னால் நின்றது. நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா அலட்டிக்கொள்ளாமல் நிறுத்தினார்.

பாஸ்! கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி வளைந்துவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

இவர் எங்கேயோ கூட்டிப்போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் சொந்தக் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது. முதல் இறக்கத்தில் கால் தேடிப் பார்த்தது, வெறும் மிதியடிதான். அப்புறம் ஒன்றும் நினைவில்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டேனாம், மகள் சொல்கிறாள்.

விழித்தபோது கார் ஏதோ ஒரு ஏரிக்கரையில் நின்றிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. என் முகத்தில் வெயில் படாமல், என் பக்க ஜன்னலில் ஒரு ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.