வஹ்மா என்று சொன்னார்கள்

பிப்ரவரி 9

கைக்குழந்தை ஜூரியின் தொடையில் இருக்கும் தடிப்பு மறுபடி பெருத்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. நாத்தனார் ரபாபின் நிச்சயதார்த்தத்துக்கு வந்த பெண்கள் முன்னால் மாமியார் அதையே சொன்னார்:

"வஹ்மாதான் இது, ஏக்கத்துல விழுற மச்சம். மசக்கையில அத்திப்பழத்துக்கு ஏங்கியிருக்கா. வாயத் தொறந்து கேக்காம தொடையச் சொறிஞ்சிருக்கா. பிள்ளை மேல இறங்கிடுச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவர் இஸாமும் பக்கத்திலேயே இருந்தார். ஏங்கியது உண்மைதான். குளிர்காலத்து அலெக்ஸாந்திரியாவில் அத்திப்பழத்துக்கு அவர் எங்கே போவார் என்று நினைத்து நான் வாய் திறக்கவில்லை. என் பிள்ளைக்கு நானே சூடு போட்டுவிட்டேனா?

பிப்ரவரி 14

ஜூரியின் ஈறில் ரத்தம். "பல்லு முளைக்குது, நஹ்லா" என்கிறார் இஸாம்.

பிப்ரவரி 15

அவரிடம் சொல்லாமல் அக்கா ஷாஹினாஸோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வக்தி பார்த்தவுடனே படுக்கை ஏற்பாடு செய்தார்.

"ரத்தக்குழாய்ல வர்ற கட்டி. குழந்தைங்களுக்கு அபூர்வமா வரும். ரத்தத்தை உறைய வைக்கிற அணுவையெல்லாம் இதுவே விழுங்கிடுது. கத்தி வைக்க வேண்டாம். மெல்லிசா ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள்ள விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைச்சிடலாம். நவம்பர்லயே சொன்னேனே, ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அப்பாகிட்ட. அவங்கம்மாவும் கூட இருந்தாங்க."

நவம்பர். நான் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு பேரும் தடுப்பூசிக்கு இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களே, அன்றுதான். தெரிந்திருந்தும் மாமியார் ஊர் கூட்டி என்னைச் சொல்லியிருக்கிறாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தான்?

சாயங்காலம் இஸாம் வந்தான். "கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன். இந்த வீட்டு ரத்தத்துலயே கட்டின்னு தெரிஞ்சா ரபாபை யாரு கட்டுவா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வாய்ல எது நிக்கும்?"

பாவி. அத்திப்பழம் கேட்கக்கூடத் திறக்காத வாய் இது.

பிப்ரவரி 17

உள்ளே குழாய் விடுகிறார்கள். அவன் சிகரெட் பிடிக்கப் போய்விட்டான். 

பிப்ரவரி 21

கட்டி இளகியிருக்கிறது. ஈறு கசியவில்லை. மாத்திரை உண்டு, குழாயும் இன்னொரு தடவை விட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள்.

மாமியார் சூப்போடு வந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "வஹ்மா கரைஞ்சுடுச்சு" என்றாள்.

"கட்டி, அத்தை. கட்டின்னே சொல்லுங்க" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 26

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அடுத்த தடவைக்கு யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸ் கேட்டாள். இஸாம் தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தான்.

"அவங்க வேண்டாம். என்னைக் கூப்பிடுங்க" என்றேன்.

வாசலில் அவன் கார்க் கதவைத் திறந்துவைத்து நின்றான். ஜூரியைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கா பிடித்திருந்த டாக்ஸியில் ஏறினேன்.