கூடுதலாக எடுத்த ஒரு குழாய்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். அண்ணி, பிள்ளைகள் நலமா? ஒரு தடவை இதய ரத்தக் குழாய்களை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற உங்களுக்குப் பாதி நாள் மாடிப்படியில்தான் போகிறது. தட்டிக்கழிக்காதீர்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். அப்பா இறந்துபோன இந்த ஏழு மாதத்தில் நீ எழுதும் முதல் கடிதம், அதிலும் இவ்வளவு அக்கறை. "எதையோ தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் பேசறா" என்கிறாள் உன் அண்ணி. உன் அக்காவிடம் விசாரித்தேன். அவளுக்கு நீ ஒன்றும் எழுதவில்லையாம். எனக்கு மட்டும் ஏன்?

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

எல்லாவற்றுக்கும் சந்தேகமா? நோயோ தடுப்பூசியோ இல்லாமலே நம் ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் இயல்பாக உண்டு. ரத்தக் குழாயில் கெட்டுப்போகும் கொழுப்பைப் பிடித்து அகற்ற அவை உதவுகின்றன என்று எங்கள் ஆய்வகத்தில் நினைக்கிறோம். இன்னும் உறுதியாகவில்லை. மற்றவர்களுக்கு இருப்பதில் பாதிகூட உங்களுக்கு இல்லை. அப்பாவுக்கும் அடைப்பு இருந்ததே. அதனால்தான் சொல்கிறேன்.

தங்கை

மார்ச் 25

தங்கைக்கு,

பாதிகூட இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? அப்பா ஆபரேஷனுக்கு உன் ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் கொடுத்த அன்று நீ கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுத்தாய். எதற்கு என்றேன். "குரூப் பாக்கத்தான்" என்றாய். அதைத்தானே சோதித்தாய்?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

ஆமாம். எங்கள் ஆராய்ச்சிக்கு ஆள் போதவில்லை. கேட்டால் மறுத்துவிடுவீர்கள் என்று பொய் சொன்னேன். முடிவு கைக்கு வந்து நான்கு மாதமாகிறது. சம்மதம் கேட்காமல் சோதித்தது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு மூச்சு வாங்குவதாக அக்கா சொன்ன பிறகுதான் மனசு கேட்கவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஸ்கேன் மட்டும் எடுங்கள்.

தங்கை

ஏப்ரல் 29

தங்கைக்கு,

ஸ்கேன் எடுத்தேன். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இப்போது மெதுவாக நடக்கிறேன்.

பிழைத்தது உன்னால்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நான்கு மாதத்தில் எத்தனை கட்டிடம் ஏறி இறங்கினேன் என்று நினைத்தால் உன்னோடு பேசப் பிடிக்கவில்லை.

டாக்டர் கேட்டார், "சரியான நேரத்துல வந்திருக்கீங்க. யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல, நானாத்தான் வந்தேன்" என்றேன்.

உன் வேலை போய்விடுமோ என்று பயந்து சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

அண்ணன்