ரிலீவர் வராத கதை

வளசரவாக்கம்,
8.6.2025

என் செல்ல ஷெர்லுக்கு,

நீயும் அந்தோணிராஜ் அண்ணனும் நலம்தானே? போனில் பிடிக்கலாம் என்றால் ஒன்று ஷிப்டில் இருக்கிறாய், இல்லை தூங்குகிறாய். ஹாஸ்டலில் ஷிப்ட் மாறி விழுந்த வாரங்களில் தலையணைக்கு அடியில் சீட்டு எழுதி வைத்து ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வோமே, இதையும் அப்படியே வைத்துக்கொள்.

என் வயிற்றெரிச்சலை உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்? என் ‘எட்டாவது நிலையம்’ கதை படமாக வந்துவிட்டது. பெயர் மட்டும்தான் என்னுடையது. கதையைப் படித்தவள் நீ, நீயே சொல். நிலாவைச் சுற்றி வரும் தொழிற்சாலை. ஒரு நிமிஷம் ஆள் விலகினாலும் எல்லாருக்கும் காற்று நின்றுபோகும் இடத்தில் மேகலா நிற்கிறாள். நாலு மாதக் கர்ப்பம். வலி எடுக்கிறது, மஞ்சள் விளக்கைப் போடுகிறாள். அவள் இடத்தில் நின்று அவளை அனுப்ப வேண்டிய ரிலீவர் தாரா ஓடி வருகிறாள். கதவின் கம்ப்யூட்டர் அவளைத் தெரியாது என்கிறது. கை கிழியத் தட்டுகிறாள். திறப்பதற்குள் குழந்தை போய்விடுகிறது. யார்மேலும் தப்பில்லை, இயந்திரத்தின் மேல்தான் தப்பு. அதுதானே கதையின் உயிர்?

படத்தில் கதவு திறந்தே கிடக்கிறது! தாரா கண்ணாடிக்குப் பின்னால் நின்று விளக்கைப் பார்க்கிறாள். அன்றைக்குப் பார்த்துக் கேப்டன் யாரை லீடர் ஆக்கலாம் என்று லிஸ்ட் எடுக்கிறான். அதற்காகத் தன் வேலையை முடிக்கத் திரும்பிப் போய்விடுகிறாள். அந்தப் பாவி டைரக்டர் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வாரம் லாட்ஜ் போட்டு கம்பெனி லைனில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேசினாராம். பேசி இதுதான் கிடைத்ததா?

அடுத்த மாதம் என் தொகுப்பு வருகிறது. கதையையும் படத்தையும் ஒப்பிட்டு நீ நாலு பக்கம் பின்னுரை எழுதித் தர வேண்டும். யாருக்கு நடந்ததோ அவளே கதைதான் உண்மை என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறக்கப் போகிறார்கள்? மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதேடி.

என்றும் உன்,
தென்றல்


சுங்குவார்சத்திரம்,
22.6.2025

அன்புள்ள தென்றலுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் படம் பார்த்தேன். வந்ததும் உன் கதையை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒப்பிடச் சொன்னாய், ஒப்பிடுகிறேன்.

உன் கதையில் நிலா அழகாக இருக்கிறது. படத்தில் அது பிளாஸ்டிக் தட்டு மாதிரி. உன் மேகலா வலியிலும் கவிதையாகப் பேசுகிறாள். படத்தில் வருகிறவள் வாயே திறக்காமல் அடுத்த பீஸை எடுக்கிறாள். அது சரி. அன்றைக்கு என் கையும் தானாக அடுத்த பீஸைத்தான் எடுத்தது. அந்த இடத்தில் அவர் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் கதவு. நம் லைனில் கதவே கிடையாது. என் ஸ்டேஷனிலிருந்து டெஸ்டிங் ரூம் கண்ணாடிக்கு இருபது அடி. விளக்கைப் போட்டுவிட்டு நாற்பது நிமிஷம் நின்றேன். கர்ப்பம் என்று தெரிந்தால் காண்ட்ராக்டிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்து உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் என் தலையைத் தடவிக்கொண்டே, “ஸ்டோர்ஸுக்குப் போய்க்கினு இருந்தேன்டி, வெளக்கையே பாக்கல” என்றாய். அந்த மாதமே லைன் லீடரும் ஆனாய்.

கண்ணாடிக்குப் பின்னால் ரிலீவரின் மஞ்சள் தொப்பியோடு நின்றது நீ. நான் பார்த்தேன். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது நீ சொல். கதை சரியா, படம் சரியா? பதில் வந்ததும் பின்னுரை எழுதுகிறேன்.

அன்புடன்,
ஷெர்லின்


வளசரவாக்கம்,
30.6.2025

ஷெர்லு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஆமாம், நின்றேன்.

அன்று காலையிலேயே சூப்பர்வைசர் இராமச்சந்திரன் சார், “லீடர் லிஸ்ட்டு இன்னிக்கு போவுது. டெஸ்டிங்ல நூறு பீஸ் முடிச்சுட்டு அப்பால எங்க வேணா போ” என்று சொல்லியிருந்தார். உன் விளக்கு எரிந்தபோது சும்மா பாத்ரூமுக்குத்தான் என்று நினைத்தேன். இன்னும் பத்து பீஸ்தானே என்று நினைத்தேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் வர பயமாக இருந்தது. இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்பாயே.

ஆனால் நீயும் நியாயமாகப் பேசு. கரு பலவீனமாக இருந்தது என்று டாக்டரே சொன்னார். நான் பறந்து வந்திருந்தாலும் நின்றிருக்காது. நீ ஒரு சத்தம் போட்டிருந்தால் லைனே நின்றிருக்கும். ஏன் போடவில்லை? வேலை போய்விடும் என்றுதானே? வேலையைப் பார்த்தது நான் ஒருத்தி இல்லை ஷெர்லு. நானாவது கதை எழுதி அழுது தீர்த்தேன். நீ பத்தே நாளில் வந்து அதே ஸ்டேஷனில் நின்றாய்.

இதையெல்லாம் எழுதவைத்துவிட்டாய், போகட்டும். பின்னுரையில் கதவை மட்டும் தொடாதே. மேகலாவைப் பற்றி எழுது, போதும். எனக்கு இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தென்றல்


சுங்குவார்சத்திரம்,
9.7.2025

தென்றல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதியிருந்தேன். உங்களை நான் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் வேர்வை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்த ஷிப்டில் மஞ்சள் தொப்பி போட்ட ரிலீவர்கள் இரண்டே பேர், நீங்களும் கலைமணியும். நீங்கள் ஸ்டோர்ஸில் இருந்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் அது கலைமணிதான் என்று முடிவு கட்டினேன். ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் கொடுத்த கல்யாணப் பத்திரிகையை கேண்டீனில் எல்லார் முன்னாலும் அவள் கையிலேயே திணித்தேன். “நான் இன்னா பண்ணேன் ஷெர்லு?” என்று கேட்டாள். நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

டைரக்டரிடம் மஞ்சள் தொப்பியைப் பற்றிச் சொன்னது நான்தான். அது சிநேகிதி என்று நான் சொல்லவில்லை. உங்கள் கதையைப் படித்துவிட்டு அவரே சொன்னார். தாராமேல் தப்பில்லை, தப்பில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே, எனக்கு நம்பிக்கை இல்லைம்மா என்றார். உங்களுக்காக அந்த மனுஷனிடம் சண்டை போட்டேன். இரண்டு கோப்பை டீயையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

படத்தைப் பார்த்து, கதையைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கும் உறைத்தது. விளக்கையே பார்க்காதவள் எதற்காக ஒரு கதவைக் கட்டி, அதைப் பூட்டி, கை கிழியத் தட்ட வேண்டும்? அதனால்தான் பார்த்தேன் என்று எழுதினேன். இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நம்பினேன்.

நேற்று கலைமணி வீட்டுக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். “சரி, கெளம்பு. அவுரு வர்ற நேரம்” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

நான் ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விளக்கைப் போட்டால் நீங்கள் வருவீர்கள் என்று இருந்தேன். அதற்கப்புறம் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பின்னுரை கேட்டீர்கள். எனக்கு அவ்வளவு எழுத வராது. உங்கள் கடிதத்தையே நகல் எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். கதையைவிடவும் படத்தைவிடவும் அது நன்றாக வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஷெர்லின் அந்தோணிராஜ்