ஜன்னலா, குழாயா

18 பிப்ரவரி 1961, சனி. மாட்டுங்கா, பம்பாய்.

மொம்பாஸா போகும் கப்பலில் கேபின் பார்க்க இன்று துறைமுகத்துக்குப் போய் வந்தோம். இவருக்கு அங்கே வேலை ஆகியிருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம். தூளியில் போட்டால்தான் தூங்குவாள்.

முதல் கேபினில் வட்டமாக ஒரு ஜன்னல், அது நிறையக் கடல். இவர் அதை விட்டு நகரவே இல்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை வழவழவென்று இருந்தது, ஒரு கொக்கிகூட இல்லை. உள்பக்கத்துக் கேபினில் ஜன்னல் கிடையாது. ஆனால் கூரையின் குறுக்கே தடியாக ஒரு குழாய் ஓடியது.

"ஏன்னா, இதைப் பிடிச்சுண்டு தொங்குங்கோ. உங்களைத் தாங்கினா குழந்தையைத் தாங்காதா?"

டையும் பூட்ஸுமாகத் தொங்கினார். அந்த நேரம் பார்த்தா கப்பல் சிப்பந்தி உள்ளே வரவேண்டும்! "க்யா சாப், கஸ்ரத்?" என்று கேட்டான். தேகப்பயிற்சி என்று நினைத்துவிட்டான். நான் கையை ஆட்டித் தாலாட்டிக் காட்டினேன். புரிந்து சிரித்தான். குழாயில் ஓடுவது பச்சைத் தண்ணீர்தான், சுடாது என்றான்.

அதையே எடுத்தோம்.

"கடலை மேல்தளத்துல போய்ப் பார்த்துண்டா போச்சு" என்றார் இவர். அப்புறம் டாக்ஸியில், துறைமுகம் மறையும்வரை கடல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது தூளியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். உள்ளங்கையில் குழாயின் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. கப்பலில் அந்த வேலையைக் கடல் செய்துவிடும். இவர் மேலே போய் நின்று பார்க்கட்டும், கண் நிறைய.